கையெழுத்து அழகு; கருத்து எங்கே?



போன பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட தொழிலாளித் தோழர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதினொரு வயதுப் பெண். பிறவியிலேயே காது கேளாதவள். "அண்ணே, சலுகை டிக்கெட்டுக்குப் பாரம் எழுதித் தரணும்" என்றார். காது கேளாத, வாய் பேச இயலாத பயணிக்கும் துணைக்குப் போகிற ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. இருபது வருஷமாக இந்தப் பாரங்களை எழுதிக் கொடுத்து வருபவன் நான்.

எழுதி முடித்ததும் அந்தப் பெண் தன் நோட்டைக் காட்டினாள். பக்கம் பக்கமாக வங்காள எழுத்து, முத்து முத்தாக. மெச்சிவிட்டு, ஒரு வரியைத் தொட்டு, இதற்கு என்ன பொருள் என்று சாடையில் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். "போர்டுல இருக்கிறதை அப்படியே எழுதிடுவா அண்ணே. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிக்கெட் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருபது வருஷம் இருந்திருக்கிறேன். அந்த டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு மாறியதை ஒலிபெருக்கியில் சொன்னால் அவளுக்குக் கேட்காது. போர்டைப் பார்த்தாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

குறை பிள்ளையின் மூளையில் இல்லை. யோசித்துப் பாருங்கள். 'அப்பா தம்பிக்குப் பணம் கொடுத்தார்', 'அப்பாவுக்குத் தம்பி பணம் கொடுத்தான்' - இரண்டிலும் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று நம் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. அந்த 'க்கு' பள்ளிக்கூடம் போகுமுன்பே காது வழியாக உள்ளே போய்விட்டது. பள்ளியில் அது கற்பது எழுத்தை மட்டுமே. மொழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. காது கேளாத பிள்ளையோ மொழியையே முதன்முதலாகக் காகிதத்தில்தான் சந்திக்கிறது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டுமே என்பார்கள். கண்ணாடி முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அப்புறம் பிள்ளையைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் மொழி சைகை மொழி. அதைத்தான் உலகம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. 1880-ம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை நிராகரித்து, அதனால் விளைந்த கேட்டுக்கு வருத்தம் தெரிவிக்க, 2010-ல் வான்கூவரில் அதே மாநாடு கூட வேண்டியிருந்தது. இடையில் 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன!

கல்கத்தாவுக்கு இந்தக் கல்வியில் பழம்பெருமை உண்டு. காது கேளாதோர் பள்ளி இங்கே 1893-லேயே தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாமினிநாத் பானர்ஜி கடல் கடந்து சென்று பயிற்சி பெற்று வந்தவர். நம் பாளையங்கோட்டையிலும் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் அந்த 1890-களிலேயே இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். கதவு திறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. உள்ளே எந்த மொழியில் பாடம் என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு வழிகாட்டும் ஒரு முயற்சியைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை உல்ரிக்கே சேஷன் தலைமையில், 2015-லும் பிறகு 2017 முதல் 2020 வரையும் நடந்த ஆராய்ச்சித் திட்டம் அது. இந்தியாவிலும் உகாண்டாவிலும் கானாவிலும் நடந்தது. அதில் பாடம் நடத்தியவர்கள் காது கேளாத இளைஞர்களே. முதலில் காது கேளாத வாலிபர்களுக்கு. பிறகு சிறு பிள்ளைகளுக்கும். பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், கற்பவர்களின் அன்றாட வாழ்க்கையில் எதிர்ப்படும் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். முதலில் கூடியிருந்து சைகை மொழியில் பேசுவது, பிறகு இங்கிலீஷ் வாக்கியத்துக்கு வருவது. படம் வரைவது, நடிப்பது, வீடியோ எடுப்பது எல்லாமே படிப்புதான் என்று வைத்தார்கள். வெறும் நகல் எழுதுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நாமோ பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளமும் இந்தியும், பாரத்தில் இங்கிலீஷ். கேட்கிற பிள்ளை நாலையும் வாரிக்கொள்கிறது. கேளாத பிள்ளைக்கு நாலில் ஒன்றும் கிட்டுவதில்லை. நம்மில் சிலர் அதைப் பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு, இங்கே யாரிடமும் சொல்வதுமில்லை. வெட்கப்பட என்ன இருக்கிறது? இந்தியச் சைகை மொழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. மாற்றல் உத்தரவு வந்தால் வங்காளப் பள்ளி இங்கேயே நின்றுவிடும். கையில் கற்ற மொழி திருநெல்வேலி வரை கூடவே வரும்.

"கையை ஆட்டவிட்டால் பேச்சு வராது" என்று தாய்மார்களைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. காது மிஷின் பயன்படுகிற பிள்ளைக்கு மிஷின் வைப்போம். போன் ஹூக்ளியில் அலியாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் இருக்கிறது. பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே காட்டுங்கள். ஆனால் பேச்சு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு எந்த மொழியும் இல்லாமல் ஐந்தாறு வருஷம் காக்க வைப்பது பிள்ளையைப் பட்டினி போடுவதுபோல.

இது யாரிடமும் கேட்கும் பிச்சையல்ல, உரிமை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. அவர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் சைகை மொழி அகராதி 2018-ல் 3,000 சொற்களுடன் வந்து, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. செல்போனிலேயே பார்க்கலாம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பறைக்கு அதைக் கொண்டுவருவது சங்கங்களின் வேலை.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். ஒன்று: ஞாயிறுதோறும் சங்க அறையில் இரண்டு மணி நேரம் சைகை வகுப்பு. காது கேளாத பெரியவர் ஒருவரே ஆசிரியர். அவருக்குச் சம்பளம் கொடுப்போம், தயவு தாட்சண்யத்தில் வரவழைக்க வேண்டாம். இரண்டு: பிள்ளையோடு தாய் தகப்பனும் வந்து உட்கார வேண்டும். காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்களே. வீட்டில் பேச ஆளில்லாத மொழி எப்படி வளரும்? மூன்று: நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் சைகை ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்து, இல்லாத இடத்துக்கு மனுப் போட வேண்டும். மனு எழுதும் வேலையை என்னிடம் விடுங்கள், பழகிய கை.

அந்தத் தோழரிடம் இதைச் சொன்னேன். "இவளும் நாலு பேர் மாதிரி லெட்டர் எழுதுவாளா அண்ணே?" என்று கேட்டார். எழுதுவாள் என்று வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் உட்காருவேன் என்றேன். நாற்பது தாண்டிய விரல்கள் மடங்காவிட்டாலும் மடக்கிப் பார்ப்போம். வீட்டில் இப்படியொரு பிள்ளை இருக்கிற குடும்பங்கள் பெயர் கொடுங்கள், தோழர்களே!