பிரேக் விளக்கில் எல்இடி: பட்டறையில் மாற்றிவிடலாம், சாலையில் செல்லுமா?

பழைய சாகா, விரா, காஞ்சில் கார்களை இன்னும் பத்திரமாக வைத்து ஓட்டும் குடும்பங்கள் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் ஏராளம். அந்தக் கார்களின் பின்விளக்கு மங்கத் தொடங்கினால், இப்போதெல்லாம் முதலில் கிடைக்கும் ஆலோசனை ‘எல்இடி போட்டுவிடு’ என்பதுதான். இணைய அங்காடியில் சில ரிங்கிட்டுக்கு ஒரு ஜோடி வந்துவிடுகிறது. பழைய பல்பைக் கழற்றிப் புதியதைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று எரிகிறது.

பளிச்சென்று எரிவதால் மட்டும் அது சட்டப்படியான பிரேக் விளக்காகிவிடுமா? பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது உண்மையில் தெளிவாகத் தெரிகிறதா? பல்பு வாங்கும்போது இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை. சம்மன் வந்தாலோ, பின்னால் யாராவது மோதினாலோதான் கேள்வி எழுகிறது.

சட்டம் பார்ப்பது பல்பை மட்டும் அன்று

மலேசியாவில் வாகன விளக்குகள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்கள் (கட்டமைப்பும் பயன்பாடும்) விதிகளின் கீழும் வருகின்றன. இவற்றோடு, வாகனப் பாகங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா 2006இல் சேர்ந்தது. விளக்கின் கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிப்பது அந்த எண். மலேசியாவுக்கு உரிய எண் 52.

கண்ணாடி, உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், அதில் பொருந்தும் பல்பு வகை ஆகிய மூன்றும் சேர்ந்த முழு விளக்குக்கே அந்த முத்திரை வழங்கப்படுகிறது. 21 வாட் இழை பல்புடன் சோதித்துத் தேறிய விளக்கில் எல்இடியைச் செருகினால், அது சோதிக்கப்பட்ட விளக்காக இருப்பதில்லை. கண்ணாடியில் முத்திரை அப்படியே இருக்கும், அது சான்று சொன்ன பொருள்தான் மாறிப்போயிருக்கும்.

தொழிற்சாலையிலேயே எல்இடியோடு வரும் புதிய கார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் பின்விளக்கு தொடக்கத்திலிருந்தே எல்இடிக்காக வடிவமைக்கப்பட்டு, அப்படியே சோதித்து அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே எல்இடி என்ற தொழில்நுட்பத்தைச் சட்டம் தடுக்கவில்லை. ஒன்றுக்காகச் செய்த கூட்டுக்குள் வேறொன்றைப் பொருத்துவதில்தான் சிக்கல்.

விற்பனையாளர்கள் சொல்லும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘இந்த எல்இடி பல்பிலேயே இ முத்திரை இருக்கிறது’ என்பார்கள். அந்த முத்திரை பல நேரங்களில் வானொலி அலைகளுக்கு இடையூறு செய்யாது என்பதற்காக வழங்கப்பட்டதாக இருக்கும். பிரேக் விளக்காகச் சரியான ஒளி தரும் என்பதற்கு அது சான்றாகாது.

கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது என்ன?

இழை பல்பில் ஒளி தோன்றும் இடம் மிகச் சிறியது. அந்த ஒளி எல்லாப் பக்கமும் பரவி, பிரதிபலிப்பான் முழுவதையும் நிரப்பி, அங்கிருந்து பின்னால் திரும்புகிறது. எல்இடி பல்பில் சிறு சில்லுகள் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து ஒட்டப்பட்டிருக்கின்றன. நேர் பின்னால் நின்று பார்த்தால் நடுவில் கண் கூசும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும்.

ஐக்கிய நாடுகளின் விதிப்படி பிரேக் விளக்கு நேர் பின்னால் குறைந்தது 60 கேண்டெலா ஒளி தர வேண்டும். இடமும் வலமும் 45 பாகை வரை அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்துத் தடத்திலிருந்து சாய்வாக வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்குத்தான் அந்தப் பக்கவாட்டு ஒளி அதிகம் தேவை. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கும் நிலையில், அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். விடியும் முன் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் மோட்டாரில் கிளம்பும் நம் இளைஞர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

அடுத்தது, இரவில் எப்போதும் எரியும் வால் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் உள்ள வேறுபாடு. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே பல்புதான். அதில் 5 வாட் இழை ஒன்று, 21 வாட் இழை ஒன்று. பிரேக் மிதித்ததும் ஒளி பல மடங்கு கூடுவதைக் கண்டே பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்கிறார். தரமற்ற எல்இடி பல்புகளில் வால் விளக்கே அதிகப் பிரகாசமாக இருக்கும். பிரேக் மிதித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழை இரவில் அந்தக் குழப்பம் ஆபத்தானது.

நிறத்திலும் ஏமாற்றம் உண்டு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் நீலம் கலந்த அந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. விளக்கு மங்கலாகவோ வெளிறிய சிவப்பாகவோ தெரியும். போதாக்குறைக்கு, சிவப்பு எல்இடி சூடாகச் சூடாக ஒளி குறையும் தன்மை கொண்டது. நெரிசலில் நெடுநேரம் பிரேக்கை அழுத்தி நிற்கும்போது மலிவான பல்பின் ஒளி இறங்கிவிடும்.

நன்மையே இல்லையா?

இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். எல்இடி உடனே எரிந்துவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது என்றால், அந்த 0.2 வினாடியில் பின்னால் வருபவருக்கு 5 மீட்டர் மிச்சமாகிறது. ஒரு காரின் நீளத்தைவிட அது அதிகம். எல்இடி மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும், நீண்ட நாள் உழைக்கும்.

எல்இடிக்காகவே செய்யப்பட்ட விளக்கில் இந்த நன்மைகள் முழுதாகக் கிடைக்கும். பழைய கூட்டில் செருகும் பல்பையும் முறையாகச் சோதித்து அனுமதிக்க வழி உண்டு. ஜெர்மனியில் 2020இல் எல்இடி முகப்பு விளக்கு பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எந்த மாடல் கார்களில் அதைப் போடலாம் என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு பல்பு எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

பிடிபடுவதும் தப்புவதும்

நடைமுறையில் ஜேபிஜேயின் கண்ணில் முதலில் படுவது எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் முகப்பு விளக்குகள், மின்னி மின்னி எரியும் பிரேக் விளக்குகள், கறுப்புத் தாள் ஒட்டிய பின்விளக்குகள் ஆகியவை. மின்னும் பிரேக் விளக்கு அழகுக்காகப் போடப்படுவது. பிரேக்கை மிதித்திருக்கும் வரை விளக்கு விட்டுவிடாமல் எரிய வேண்டும் என்பதுதான் அடிப்படை. விதிமீறிய விளக்கு மாற்றம் நீதிமன்றம் வரை போனால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கு இடமுண்டு.

சத்தமில்லாமல் மாற்றப்பட்ட பிரேக் பல்பு பெரும்பாலும் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. லோரிகளும் பேருந்துகளும் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 3 ஆண்டுகளைக் கடந்த இ-ஹெய்லிங் கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் கார்களோ பெயர் மாற்றும்போதும் கடன் எடுக்கும்போதும்தான் பரிசோதனை மையத்தின் வாசலை மிதிக்கின்றன. பத்து ஆண்டுகள் ஒரே கையில் இருக்கும் காரை அதுவரை யாருமே பார்க்காமல் போகலாம்.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் 9 கலகத் தடுப்புப் போலீசார் உயிரிழந்த விபத்தும், ஜூன் 9 அன்று கிரிக் அருகே 15 மாணவர்கள் மாண்ட பேருந்து விபத்தும் கனரக வாகனங்களின் பராமரிப்பை நாட்டின் பேச்சாக்கின. அது நியாயம்தான். அதே நேரத்தில் சிறிய கார்களின் பாதுகாப்புப் பாகங்கள் பேச்சிலேயே இல்லை. புஸ்பாகோமின் தனியுரிமை 2024 ஆகஸ்டில் முடிந்து, பரிசோதனைத் துறை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. மையங்கள் பெருகும் இந்த நேரத்தில், எந்தப் பல்பு செல்லும், எது செல்லாது என்பதைப் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் ஜேபிஜே பட்டியலிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இன்று விற்பவர் விற்றுவிட்டுப் போகிறார், மாட்டுபவர் கூலி வாங்கிக்கொள்கிறார், சம்மன் மட்டும் ஓட்டுநர் பெயருக்கு வருகிறது.

காப்புறுதியையும் மறக்கக் கூடாது. வாகனத்தில் செய்யும் மாற்றங்களை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. தெரிவிக்காத மாற்றம், சொந்த வாகனச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகலாம்.

மங்கிய விளக்குக்கு என்ன வழி?

பழைய காரில் பிரேக் விளக்கு மங்குவதற்குப் பல்பு மட்டும் காரணமாக இருப்பதில்லை. பல்பு பொருந்தும் குழியில் துரு, தளர்ந்துபோன எர்த் இணைப்பு, வெயிலில் வெளுத்த கண்ணாடி, உள்ளே படிந்த தூசி என்று பல உண்டு. எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து, கண்ணாடியைக் கழுவி, காரின் கையேட்டில் உள்ள அதே வகை இழை பல்பைப் போட்டாலே பல கார்களில் ஒளி திரும்பிவிடும். சில ரிங்கிட்டில் முடியும் வேலை இது.

ஏற்கெனவே எல்இடி போட்டிருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்து விட, இன்னொருவர் முதலில் நேர் பின்னாலும் பிறகு இரு பக்கமும் சாய்வாகவும் நின்று பார்க்க வேண்டும். வால் விளக்குக்கும் பிரேக்குக்கும் வேறுபாடு சட்டென்று தெரிகிறதா, நிறம் நல்ல சிவப்பா, சில நிமிடம் மிதித்தே வைத்திருந்தால் ஒளி இறங்குகிறதா என்று கவனிக்கலாம். ஒன்றில் குறை தென்பட்டாலும் பழைய வகைக்குத் திரும்புவதே நல்லது. இதில் தேறினாலும் அது சட்ட அங்கீகாரம் ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்இடி எச்சரிக்கை விளக்கை எரிய விடுகிறது என்பதற்காகச் சிலர் கூடுதல் மின்தடையை இணைக்கிறார்கள். இதில் பொதுவாகப் பயன்படும் 6 ஓம் மின்தடை 20 வாட்டுக்கு மேல் சூடாக்கும், கை வைக்க முடியாது. அதைப் பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டி வைப்பது கூடாது.

காரிலுள்ள மற்ற விளக்குகள் பல ஓட்டுபவருக்கும் பயன்படுபவை. பிரேக் விளக்கை அவர் ஓட்டும்போது பார்ப்பதே இல்லை. அது முழுக்க முழுக்கப் பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவருக்காக எரிவது. பல்பை மாற்றும்போது அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது வாகனமோட்டிகளின் கடமை.