கணினி வாங்கக் கடனா? கையெழுத்துக்கு முன் கவனம்!



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற மாதம் வந்திருந்தார். இரு நண்பர்களுடன் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். கடைகளுக்குக் கணக்கெழுதித் தரும் தொழில். ஆறு கணினிகள் தேவை. கையில் போதிய பணமில்லை. நிதி நிறுவனம் ஒன்று கடன் தர முன்வந்திருந்தது.

"லிமிடெட் கம்பெனிதானே, ஹஜ்ரத்! கடன் கம்பெனியோடு நின்றுவிடும், வீட்டுக்கு வராது" என்றார்.

அவர் கொண்டுவந்த தாள்களைப் புரட்டினேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் 'தனிநபர் உத்தரவாதம்' என்றொரு தலைப்பு. அதன்கீழ் கையொப்பமிட வேண்டியவர்களாக அவர் பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும் இருந்தன!

வாசகர்களே, இதுதான் பலரும் அறியாத இடம். 'லிமிடெட்' என்றால் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பங்குத்தொகையோடு முடியும் என்பது உண்மையே. ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் தருவோர் பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனி உத்தரவாதம் கேட்கிறார்கள். அதில் கையொப்பமிட்ட நொடியில் அந்தச் சுவரில் நாமே வாசல் வைத்துவிடுகிறோம். கம்பெனி நொடித்தால் கடன் வீட்டுப்படி ஏறும்.

அடுத்து வட்டிக் கணக்கு. ஒரு கணினி 50,000 ரூபாய் என்றால் ஆறுக்கு 3 லட்சம். "12 சதவீதம்தான், மூன்று ஆண்டுத் தவணை" என்றார்களாம். 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 1,08,000 ரூபாய். மாதத் தவணை 11,333 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துவந்தாலும், வட்டி மட்டும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும்! வட்டியை மார்க்கம் தடுத்திருப்பது நாம் அறிந்ததே. அதை அறியாதவரும் இந்தக் கணக்கைப் பார்த்தால் தயங்குவார்.

அப்படியானால் வழி என்ன?

முதல் வழி, இயக்குநர்களின் சொந்தப் பணம். இயக்குநர் தம் கம்பெனிக்குக் கடன் தரலாம். அது கடன் வாங்கித் தந்த பணமன்று என்று எழுத்தில் உறுதி கூறவேண்டும். ஊரார், நண்பர்கள் என்று பலரிடம் கைமாற்று வாங்கிக் கம்பெனிக் கணக்கில் போடுவது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி வைப்புத்தொகை திரட்டிய குற்றமாகிவிடக்கூடும். அவர்களை முறைப்படி பங்குதாரர்களாகச் சேர்ப்பதே நேர்மையான வழி. லாபத்திலும் நட்டத்திலும் பங்கு என்பது நமக்குப் புதியதன்று. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, வாடகை. கணினி சீக்கிரம் பழையதாகும் பொருள். கம்பெனிச் சட்டமே அதன் ஆயுளை மூன்று ஆண்டு என்றுதான் கணக்கிடுகிறது. வாடகைக்கு எடுத்தால் பழுது யார் பொறுப்பு, இடையில் திருப்பித் தரலாமா என்பவற்றை எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, தவணை விற்பனை. விற்பவர் தம் லாபத்தையும் சேர்த்து ஒரே விலை சொல்லி, தவணையில் பெற்றுக்கொள்ளலாம். விலை முன்கூட்டியே முடிவாக வேண்டும். தவணை தாமதமானால் அது ஏறக்கூடாது.

எந்த வழியானாலும் மூன்று ஆண்டுக்குமேல் தவணை வேண்டாம். கணினி பரணுக்குப் போனபின்னும் அதற்குப் பணம் கட்டுவதைப் போன்ற வேதனை வேறில்லை. வாங்கும்போது கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் மறவாதீர்கள். 3 லட்சத்துக்கு அது 54,000 ரூபாய். கம்பெனி ஜிஎஸ்டியில் பதிவு பெற்று, வரி வசூலித்துத் தொழில் செய்தால் இத்தொகையைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கம்பெனியின் பெயரிலும் பதிவு எண்ணிலும் ரசீது இருக்கவேண்டும். தம்பி தன் பெயரில் வாங்கி வந்தால் அந்தச் சலுகை போயிற்று!

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது (அல்பகரா, 282). எழுதச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், எழுதியிருப்பதைப் படிக்காமல் கையொப்பமிடலாமா?

அந்த மாணவர் தாள்களைத் திருப்பி எடுத்துச் சென்றார். மூவரும் தம் சேமிப்பைப் போட்டு மூன்று கணினிகளை வாங்கினர். மற்ற மூன்றை வாடகைக்கு எடுத்தனர். வாப்பாவின் கையொப்பம் எந்தத் தாளிலும் விழவில்லை. சிறிதாகத் தொடங்கியிருக்கிறார்கள், இரவில் நிம்மதியாக உறங்குகிறார்கள். அவர்களுடைய தொழிலிலும் உங்கள் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!