நசுங்குவதும் ஒரு பலமே!



'கெட்டியான வண்டிதான் பத்திரமான வண்டி' என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எங்க அப்பாவும் அதைத்தான் சொல்வார். மெக்கானிக்கல் படிக்கிற நாமும் அதையே சொன்னால், படித்து என்ன லாபம்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் 1,000 கிலோ காரிடம் சுமார் 96 கிலோ ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. சுவரில் மோதி, முன்பகுதி 10 செ.மீ. மட்டும் நசுங்கி நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 98 மடங்கு. 60 செ.மீ. நசுங்கி நின்றால் 16 மடங்குதான்! நசுங்கும் தூரம்தான் உயிரைக் காக்கிறது. இதை உணர்ந்து பேலா பாரெனி என்ற பொறியாளர் வகுத்த 'நசுங்கும் முன்பகுதி', 1959-ல் மெர்சிடஸ் பென்ஸ் காரில் வந்தது.

இன்று பல கார்களில் பம்பருக்குப் பின்னால் மெல்லிய உலோகக் குழாய்கள் இருக்கின்றன. மோதலில் இவை அக்கார்டியன் துருத்தி போல மடிப்பு மடிப்பாக மடிந்து ஆற்றலை விழுங்கும். குழாய்க்குள் அலுமினிய நுரையை நிரப்பினால் இன்னும் விசேஷம். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான இந்த நுரை, குழாய்ச் சுவர் உள்பக்கம் மடிவதைத் தடுக்கிறது. மடிப்புகள் சிறியதாகி எண்ணிக்கை கூடுகிறது. வெறும் குழாய் தாங்குவதையும் வெறும் நுரை தாங்குவதையும் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து தாங்குவது அதிகம்! ஒற்றுமையின் பலம் என்பது இதுதானோ! ஆனால் அளவு முக்கியம். நுரை ரொம்ப கெட்டியானால் நசுங்கும் தூரம் குறையும். குழாய் மடியாமல் நடுவில் வளைந்துவிடும்.

இவ்வளவு யோசித்து வைத்த பம்பருக்கு முன்னால், நம்ம ஊரில் என்ன செய்கிறோம்? பட்டறையில் கொடுத்து இரும்புக் குழாயில் க்ராஷ் கார்டு அடிக்கிறோம்! மோதலின் விசை நசுங்கும் குழாய்க்குப் போகாமல் நேரே சேஸிஸுக்குப் போகிறது. ஏர்பேக் வேலை செய்வதும் பாதிக்கப்படலாம். எதிரே நடந்து வருபவர் கதி? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதசாரி. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்த கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இருந்தும் பட்டறைகளில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் பட்டறை வைப்போம். க்ராஷ் கார்டு வெல்டிங் நல்ல காசு தரும் வேலை. வயிற்றுப்பாடு எனக்கும் தெரியும். ஆனாலும், "இது வேண்டாம் அண்ணே, உங்க உயிருக்கே ஆபத்து" என்று சொல்லத் தெரிந்தவனுக்குப் பெயர்தானே டிப்ளமோ ஹோல்டர்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேபில் கம்பியை இழுத்து அறுக்கிறோம், செங்கல்லை உடைக்கிறோம். கூடவே வெறும் குழாய் ஒன்றையும் நுரை நிரப்பிய குழாய் ஒன்றையும் யூ.டி.எம். மெஷினில் நசுக்கிக் காட்டுங்கள். வரைபடத்தின் கீழே உள்ள பரப்புதான் விழுங்கப்பட்ட ஆற்றல் என்பதைக் கண்ணால் பார்த்தவன் க்ராஷ் கார்டு அடிக்க மாட்டான்.

உடையாததைச் செய்யக் கற்றோம். உயிர் காக்க முறையாக நசுங்குவதையும் செய்யக் கற்போம்!