கிழ யந்திரத்துக்கு நாடி பார்த்த கதை

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழம்பொருள் பிரியர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம். பர்மாத் தேக்கில் கடைந்த தூண், எனாமல் தூக்குச் சட்டி, யாரோ ஓர் ஆச்சி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா ஆகிய யாவும் அங்கே விலைக்குக் கிடைக்கும். வயது ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் அதே ஊரில், வயதாகிவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காகத் தினந்தோறும் வசை வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழத்தைச் சென்ற மார்கழியில் கண்டேன். அது மனிதப் பிறவியன்று. ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் யந்திரம்.

அச்சகத்தின் முதலாளி என் நண்பர். தை பிறந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் அழைப்பிதழ். அழைப்பிதழ் அச்சாகி வந்தால் மட்டும் போதுமா? நாலு பக்கமும் பிசிறில்லாமல் வெட்டிக் கட்டினால்தானே ஆச்சிமார் மஞ்சள் தடவி ஊருக்கு அனுப்பலாம்? அந்த வேளை பார்த்து யந்திரம் படுத்துவிட்டது.

வியாதி என்னவென்று கேட்டேன். நண்பர் ஒரு ஜாபிதாவே வாசித்தார். காலையில் ஸ்விட்சைப் போட்டால் எண் காட்டும் பலகை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோகும். அரை மணி நேரம் சென்றால் தானே சரியாகும். தீபாவளிக்கு நாலு நாள் மூடித் திறந்தபோது, நினைவில் வைத்திருந்த அளவுகளையெல்லாம் மறந்துவிட்டது. 200 மில்லிமீட்டர் என்று கட்டளையிட்டால் முதல் கட்டு சரியாக வெட்டும். பத்தாவது கட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகும். இவையெல்லாம் போதாதென்று, கத்தி பாதி வேளை இறங்கவே மறுக்கும்.

"இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் உள்ளே இருக்கிற போர்டு முழுவதையும் மாற்றவேண்டும் என்று, யந்திரத்தின் விலையில் பாதியைக் கேட்டார். மற்றவர் நல்ல மனிதர். அந்த ஒளிக் கண்ணைக் கட்டிவிட்டால் கத்தி தடையில்லாமல் இறங்கும், ஐந்நூறு ரூபாய் கொடுங்கள் போதும் என்றார்" என்றார் நண்பர்.

அந்த ஐந்நூறு ரூபாய் யோசனையைச் சொல்லுகையில் அவர் முகம் சற்றே மலர்ந்ததை நான் கவனித்தேன். பக்கத்தில் நின்ற வெட்டுக்காரப் பெரியவரோ தம் இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் நுனியில்லாதவை.

இந்த யந்திரத்தின் குலம் கோத்திரத்தைச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1844-ஆம் ஆண்டில் கியோம் மாசிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் காகிதம் வெட்டும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தலையை வாங்கும் கில்லட்டினின் பெயரே இதற்கும் வழங்கலாயிற்று. காகிதக் கட்டை ஓர் இரும்புப் பாளம் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். பின்புறத்தில் ஒரு தடுப்புச் சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து அளவைத் தீர்மானிக்கும். பிறகு கத்தி சாய்வாக இழுத்தபடி இறங்கும். நாவிதர் சவரக் கத்தியை இழுக்கும் நயம் அதில் உண்டு. ஆனால் பலமோ, நூற்றுக்கணக்கான தாள்களை ஒரே மூச்சில் அறுக்கும் பலம்.

ஆதியில் இவையெல்லாம் கையாலும் சக்கரத்தாலும் நடந்தன. பிற்காலத்தில் தடுப்புச் சட்டத்தை நகர்த்தும் பொறுப்பை மின்னணுச் சாதனங்கள் ஏற்றன. அத்துடன் கைகளைக் காக்கும் பொறுப்பும் அவற்றிடம் வந்தது. கத்தி இறங்கவேண்டுமானால் இரண்டு பித்தான்களை இரண்டு கைகளாலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் அழுத்தவேண்டும். அரை வினாடிக்கு மேல் முன்பின் ஆனால் யந்திரம் இணங்காது. மேலும், கத்திக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக் கதிர்கள் ஒரு திரைபோல நிற்கின்றன. கை அந்தத் திரைக்குள் புகுந்தால் கத்தி நின்றுவிடும். 'ஒளிக் கண்ணைக் கட்டுவது' என்றால் இந்தக் காவலனுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான்.

மறுநாள் ஒரு முதிய மின்சார மெக்கானிக்கை அழைத்துவந்தோம். அவர் வந்தவுடன் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியைக் கேட்டார். பிறகு காபியைக் கேட்டார். அதன் பிறகு வெட்டுக்காரப் பெரியவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். எந்தக் கோளாறு எந்த நேரத்தில் வருகிறது? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? பெரிய மோட்டார் கிளம்பும்போதா, சும்மா இருக்கும்போதா? எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"தம்பி, பாதி வைத்தியம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. நாலு கோளாறுக்கும் ஒரே காரணம் என்று நினைத்ததால்தான் முழுப் போர்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

பின்னர் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சில நிமிஷம் காத்திருந்து, மீட்டரை வைத்து மின்சாரம் மிச்சமில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே உள்ளே கைவைத்தார். மின்சாரத்தை நிறுத்தினாலும் மின்தேக்கிகள் சிறிது நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

முதல் வியாதி, காலைச் சிமிட்டல். கடைக்காரர்கள் 'கண்டென்சர்' என்று கேட்டு வாங்கும் மின்தேக்கியின் உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள் சுருட்டப்பட்டிருக்கும். இடையில் ஒரு திரவத்தில் நனைந்த காகிதம் இருக்கும். காகிதம் வெட்டும் யந்திரத்தின் உயிரும் ஒரு துண்டுக் காகிதத்தின் ஈரத்தில் இருப்பதைக் கேட்டு நான் வியந்தேன். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஈரம் உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கணக்கு. உலர்ந்த மின்தேக்கி குளிரில் இன்னும் சோர்ந்துபோகும். சூடேறினால் சற்றே தெளியும். மார்கழிக் காலையில் படுத்து, அரை மணியில் எழுந்த மர்மம் இதுதான். எண் பலகைக்கும் கணக்குப் போடும் சில்லுகளுக்கும் 5 வோல்ட் வேண்டும், 4.75-க்குக் கீழே போனால் அவை தடுமாறும். மீட்டர் காலையில் 4.6 காட்டியது. அதே கொள்ளளவும், குறையாத வோல்ட் அளவும், 105 டிகிரி தாங்கும் தரமும் உள்ள மின்தேக்கிகளை, நேர்முனை எதிர்முனை மாறாமல் பற்றவைத்தார். பலகை சிமிட்டுவதை விட்டது. செலவு, நாங்கள் குடித்த காபியைவிடச் சற்றே அதிகம்.

இரண்டாவது, மறதி. போர்டின் மூலையில் ஒரு சிறு பாட்டரி இருந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் நினைவைக் காப்பது அதன் வேலை. வயதான காட்மியப் பாட்டரி கசிந்து, காரம் வெளியே வந்து, செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்திருந்தது. அவர் பாட்டரியை எடுத்தார். நீர்த்த வினிகரால் காரத்தை முறித்தார். ஆல்கஹாலால் கழுவி உலரவைத்தார். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி வைத்துப் பாலம் கட்டினார். புதிய பாட்டரியைப் பொருத்திய பின், அளவுகள் அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவைக்கச் சொன்னார். "நோட்டுக்குப் பாட்டரி வேண்டியதில்லை" என்பது அவர் வாக்கு.

மூன்றாவது, ஒரு மில்லிமீட்டர் பிசகு. இதில் அவர் சொன்ன சூத்திரம் அச்சகத்தார் அனைவரும் மனப்பாடம் செய்யத் தக்கது. பிசகு எப்போதும் ஒரே அளவாக இருந்தால், தொடக்க அளவை மீண்டும் திருத்தினால் போதும். பிசகு வெட்ட வெட்ட வளர்ந்தால், யந்திரம் எண்ணிக்கையைத் தவறவிடுகிறது. முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக இருந்தால், திருகோ பட்டையோ தளர்ந்திருக்கிறது. இங்கே வளர்ந்தது. நீளத்தை எண்ணுவதற்காகத் துளையிட்ட ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. துளை வழியே வரும் ஒளியை ஒரு கண் எண்ணுகிறது. அந்தக் கண்ணில் பல வருஷக் காகிதத் தூசி படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் துடைத்தார். பத்தாவது கட்டும் இருபதாவது கட்டும் எஃகு அளவுகோலில் 200-ஆகவே நின்றன.

இந்த மூன்றிலும் நோய் ஒன்றுதான் என்று வீடு திரும்புகையில் தோன்றிற்று. திரவம் உலர்வதும், காரம் கசிவதும், செம்பு அரிபடுவதும் மின்வேதியியலின் விவகாரங்கள். தூசி ஒன்றே அதில் சேராதது. அந்த சாஸ்திரத்துக்கென்றே காரைக்குடியில் ஒரு பெரிய ஆலயம் இருக்கிறது. ஊரார் 'சிக்ரி' என்று சுருக்கமாக அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையந்தான் அது. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பாட்டரியும் உலோக அரிப்பும் அங்கே இன்றும் ஆராயப்படுகின்றன. அயல்நாட்டு யந்திரத்தை விலை கொடுத்து வாங்குவது எளிது. அதன் நோயை நாமே அறிந்து நாமே தீர்ப்பதுதான் சுயராஜ்யத்தின் அன்றாட வேலை. அந்த முதியவர் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் அந்த வேலையைச் செய்தார்.

இனி நான்காவது விஷயம், கத்தி இறங்க மறுத்தது.

நண்பர் சற்றுத் தயங்கிக் கேட்டார்: "ஐயா, தை முடியும் வரையிலாவது அந்த ஒளிக் கண்ணைக் கட்டி வைத்தால் என்ன?"

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. வெட்டுக்காரப் பெரியவர்தான் சொன்னார்: "முதலாளி, நான் வேலை கற்றுக்கொண்ட மிஷினுக்குக் கண்ணே கிடையாது. அதற்கு விலையாக இதைக் கொடுத்தேன்." பின்னால் மறைத்த கையை அவர் முதல் தடவையாக முன்னால் நீட்டினார். "இப்போது என் பேரன்தான் என்னோடு கட்டு அடுக்குகிறான்."

அதற்குமேல் அங்கே யாரும் பேசவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆபத்தான யந்திரப் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று விதித்தது. பெரியவர் அந்தச் சட்டத்தைப் படித்தவரல்லர். அதற்கான காரணத்தைக் கையில் வைத்திருந்தார்.

மெக்கானிக் ஒளித்திரையின் இருபுறத்துக் கண்ணாடிகளையும் மென்துணியால் துடைத்தார். ஒரு செருகியின் கால்கள் கறுத்திருந்தன. அவற்றையும் சுத்தம் செய்தார். கண் தெளிந்தது, கத்தி இறங்கியது. காவலன் மீது குற்றமே இல்லை. தூசி மறைத்ததைக் கை என்று எண்ணி, தன் கடமையைச் செய்தபடி நின்றிருந்தான், அவ்வளவே. பிறகு ஓர் அட்டைச் சுருளைத் திரைக்குள் நீட்டிக் கத்தி நிற்கிறதா என்று சோதித்தார். தினமும் காலையில் வேலைக்கு முன் அப்படிச் சோதிக்கவேண்டும் என்றும், நிற்காவிட்டால் அன்று யந்திரம் ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் பையை எடுத்தார்.

நேயர்கள் வீட்டில் காகிதம் வெட்டும் யந்திரம் இராது. ஆனால் காலையில் மட்டும் அடம் பிடிக்கும் டெலிவிஷனும், அளவை மறக்கும் சலவை யந்திரமும் இருக்கக்கூடும். அவற்றை நீங்களே திறக்கவேண்டாம். எப்போது, எப்படிக் கோளாறு வருகிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்து, நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். முழுவதையும் மாற்று என்பவரிடம், எந்தப் பாகம் ஏன் கெட்டது என்று ஒரு கேள்வி கேளுங்கள். காவலுக்கு இருக்கும் பாகத்தைக் கழற்றிவிடலாம் என்பவருக்கு மட்டும் காபியோடு விடை கொடுத்துவிடுங்கள்.

தையில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. நாலு ஓரமும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. வெட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். கட்டு அடுக்கிய பேரனுக்குப் பத்து விரலும் இருக்கின்றன என்பதும் தெரியும்.