சேரன்மகாதேவியும் அடுத்த வீட்டுத் தாயும்

தன் பிள்ளையோடு விளையாட வந்த பிள்ளைக்கும் ஓர் இலை போடுகிற தாய்மார் தாமிரபரணிக் கரையிலே ஏராளம். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதற்கு முன்பே சோறு விழுந்துவிடும். அத்தாய்மாரை எந்த மகாநாடும் பாராட்டியதில்லை; சந்தா வசூலித்து எவரும் படம் திறந்ததுமில்லை. ஆயினும் தேசியக் கல்வியைப் பற்றி எழுதப் புகும் நாம் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கடையத்திற் பிறந்த ஸ்ரீமதி செல்லம்மாள் பாரதியை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் வாழ்ந்தார். ‘இந்தியா’ பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரலாகாதென்று தடுக்கப்பட்டபின் அவ்வீட்டில் வறுமை குடிபுகுந்தது. உலைக்கு வைத்திருந்த அரிசியைக் கவிஞர் குருவிகளுக்கு வாரி இறைத்த கதையைச் சொல்லி மகிழ்வோர் பலர். அன்று உலையில் என்ன கொதித்தது என்று கேட்போர் சிலரே. அவ்வீட்டிலேதான் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் குமாரி யதுகிரி, பாரதியாரின் பெண்களுக்குத் தோழியாகத் தன் வீட்டைப்போலவே புழங்கி வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ அந்த உறவுக்குச் சாட்சி. ஹரிஜன இளைஞரான கனகலிங்கத்திற்குப் பாரதியார் பூணூல் அணிவித்ததும் அப்புதுவையிலேதான். வைதிகக் குடும்பத்திற் பிறந்த ஒரு பெண்மணிக்கு இவையெல்லாம் எளிதாக இருந்திருக்குமென்று நாம் நினைக்கவில்லை. சுமை கவிஞருடையது மட்டுமன்று.

அதே புதுவையில் அஞ்ஞாதவாசஞ் செய்த வ. வே. சு. ஐயர், 1922-இல் தமிழ்க் குருகுலத்தைக் கண்டார். கல்லிடைக்குறிச்சியில் முளைத்த அது சேரன்மகாதேவியில் வேரூன்றியது. சாதி பேதமற்ற தேசிய வாலிபரை ஆக்குவதே நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் பதினாயிரம் ரூபாய் தருவதாக வாக்களித்து, 5,000 ரூபாய் கொடுத்தது. ஆயினும் பெற்றோரின் வேண்டுகோளுக்கிணங்கி இரு பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி அனுமதிக்கப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் சீறி எழுந்தனர். 1925-இல் ஐயர் தலைமைப் பதவியை விட்டார். அவ்வாண்டு ஜூன் 3-ஆந் தேதி பாபநாசத்தருகே நீரில் அகப்பட்ட தம் மகள் சுபத்திரையைக் காக்கப் புகுந்து உயிர்நீத்தார். நவம்பரில் காஞ்சீபுரம் மகாநாட்டோடு நாயக்கர் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

இரு சிறுவர்தானே என்று அன்றும் சிலர் வாதித்தனர். அவ்வாதத்தை நாம் ஏற்கோம். ஐயரது தியாகத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். அடுத்த வீட்டுத் தாய் இரண்டு பந்தி போடமாட்டாள். போட்டால், ‘அவன் ஏன் அங்கே?’ என்று அவள் மகனே கேட்டுவிடுவான்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடிந்தால் நன்றாயிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒரே பள்ளியிற் பயின்ற மாணவர்கள் அரிவாளோடு ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். விருந்தாக நுழைந்திருக்க வேண்டிய வாசல் அது! நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் விலக்கச் சொன்னது. கயிற்றை அறுப்பது அவசியமே. அதை மணிக்கட்டிற் கட்டி அனுப்புவது எந்த வீடு?

2023 செப்டம்பரில் எட்டயபுரத்திற்கு அணித்தான உசிலம்பட்டிப் பள்ளியில், தலித் பெண்மணி சமைத்த காலைச் சிற்றுண்டியைச் சில பிள்ளைகள் உண்ணவில்லை. கனிமொழி எம்.பி. முதலியோர் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். நன்று, ஆனால் அவர்கள் நாள்தோறும் வர இயலாது. தாய்மார்க்கு இயலும். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவிற் பாதிப்பேர் பெண்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு தாய் முறைவைத்து வந்து, எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணட்டும். கட்சி வேலைக்காக வீடுவீடாக ஏறியிறங்கும் நம் தொண்டர்கள், முதலில் தத்தம் வீட்டுப் பெண்டிரை இதற்கு அனுப்புவார்களா? சேரன்மகாதேவிப் பள்ளிகளிலேயே தொடங்கலாம்.