எரிகோ சாலையும் கைக்கடிகாரமும்

'இன்றைய தலைமுறையின் நெஞ்சில் ஈரம் வற்றிவிட்டது' என்னும் புலம்பல் மேடைதோறும் ஒலிக்கிறது. அடிபட்டுக் கிடப்பவரைக் கடந்து செல்வோர் கல்நெஞ்சராம். அதற்கு மருந்து இன்னொரு மறையுரையாம்! உளவியல் இதுபற்றி ஏதேனும் கூறினால், 'அது பாவத்துக்குச் சாக்குத் தேடும் கலை' என ஒதுக்குவோரும் உளர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலார் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர், அடுத்த கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றப் பணிக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் பேசவேண்டிய பொருள் நல்ல சமாரியர் உவமை! சிலரிடம் நேரம் இருப்பதாகவும், சிலரிடம் உடனே புறப்படுமாறும், சிலரிடம் தாமதமாகிவிட்டதால் விரையுமாறும் கூறப்பட்டது. வழியோரம் ஒருவர் சாய்ந்து கிடந்து இருமி முனகினார். அவர் ஆய்வாளர் அமர்த்தியவர் என்பதை மாணவர் அறியார்.

நேரம் இருந்தோரில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர், இடைநிலையினரில் 45, விரைந்தோரில் 10 மட்டுமே. உவமையைப் பற்றிப் பேசச் சென்றோர் மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டிருக்கவில்லை. அவர்களுள் சிலர் கிடந்தவரைத் தாண்டியே சென்றனர்.

இது சிறிய ஆய்வு. மனிதகுலம் முழுவதையும் இதைக்கொண்டு அளந்துவிட இயலாது. ஆயினும் அதன் எச்சரிக்கை தெளிவானது. அம்மாணவர் கல்நெஞ்சர் என ஆய்வாளர் முடிவு கட்டவில்லை. அவசரத்தின் அழுத்தத்தில் பார்வை குறுகுகிறது. கண்ணில் பட்டது கடமையாக உள்ளத்தில் படுவதில்லை. தமக்காகக் காத்திருப்பவருக்கும் வழியில் கிடப்பவருக்கும் இடையே உள்ளம் இழுபடுவதும் உண்டு. பிறர் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாக்கிச் சூழலை மறக்கும் பழக்கத்தை, உளவியலார் லீ ராஸ் 1977இல் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார்.

'அவ்வாறாயின் கடந்து சென்றவர் குற்றமற்றவரா?' என்று வினவலாம். அல்லர். பொறுப்பு குறையவில்லை, விரிகிறது. 'விரைந்து செல்' என்றவருக்கும் அதில் பங்குண்டு. விடியலில் தனிப்பயிற்சி, பகலெல்லாம் பள்ளி, மாலையில் மீண்டும் தனிப்பயிற்சி எனப் பிள்ளையை ஓட்டிவிட்டு, நோயுற்ற பாட்டியின் அருகில் அவன் அமர்வதில்லை எனக் கடிந்துகொள்வது என்ன நீதி? ஓய்வுநாளிலும் கூட்டத்தின்மேல் கூட்டமாக அடுக்கிவிட்டு, அண்டை வீட்டாரை எவரும் நலம் உசாவுவதில்லை என வருந்துவது என்ன ஞானம்?

உவமையின் சமாரியர் எண்ணெயையும் திராட்சை மதுவையும் மட்டும் செலவிடவில்லை. மறுநாள்வரை விடுதியில் தங்கித் தம் பயணத்தையே நிறுத்திவைத்தார். இரக்கத்தைக் கற்பிக்கும் பெற்றோரும் பங்குப் பேரவையினரும் அதற்கான நேரத்தையும் விட்டுவைக்கட்டும். வாரத்தில் ஒரு மாலையையேனும் பயிற்சியின்றி, கூட்டமின்றி விடுவிக்கட்டும். அதைச் செய்த பின்னர் இளைஞரின் நெஞ்சைச் சோதிப்போம்.