எந்த இயந்திரத்தைக் கேட்பது?

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் இயந்திரங்கள் பல வந்துவிட்டன. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. பிறகு கிளாட், ஜெமினி என்று வரிசையாக வந்தன. "எது கெட்டிக்காரன்?" என்று வீட்டுக்கு வீடு பேச்சு!

மனு எழுதவும் கடிதம் திருத்தவும் எது இருந்தாலும் போதும்.

வழக்கு விஷயம் அப்படி அல்ல. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு வக்கீல் பழைய தீர்ப்புகள் வேண்டும் என்று சாட்ஜிபிடியைக் கேட்டார். அது அள்ளிக் கொடுத்தது. அவருக்குச் சந்தேகம். "இது உண்மைதானா?" என்று அதனிடமே கேட்டார். "உண்மைதான்" என்றது! எதிர்த்தரப்பு வக்கீல்கள் தேடினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை! அபராதம் 5,000 டாலர். அதைக் கட்டவேண்டியது இயந்திரம் அல்ல, வக்கீல்கள் தரப்பு!

வேறோர் இயந்திரத்தைக் கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றையே சொன்னாலும் அது உண்மையாகிவிடாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுத்துகளைப் படித்து வளர்ந்தவை.

குழந்தைக்குக் காய்ச்சலா? மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்கவேண்டும். வாங்கப்போகும் மனையில் வில்லங்கம் உண்டா? அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் தெரியும்.